தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் தகராறு!

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை. அதன் அலுவலக அறையில் ஒரே ஒரு கணிப்பொறி. இப்படி ஓர் இடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணிப்பொறியின் பின்னால் நான்கு போர்ட் கொண்ட ஒரு யு.எஸ்.பி. ஹப் தொங்குகிறது. அதில் வை-ஃபை அடாப்டர், புளூடூத் அடாப்டர், கம்பியில்லா மௌசின் ரிசீவர் ஆகிய மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு செருகப்பட்டிருக்கின்றன. நான்காவது போர்ட்டில் பென் டிரைவ்.

கணக்கு விவரங்களைப் பென் டிரைவில் நகல் எடுக்கத் தொடங்கியதும் மௌஸ் தத்தித் தத்தி நகர்கிறது. இணையமும் விட்டுவிட்டு வருகிறது.

"தம்பி, அடாப்டர் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி வா" என்கிறார் கணக்கர்.

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. தனியாகச் செருகினால் நன்றாகத்தானே வேலை செய்கிறது?" என்கிறான் ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சிக்கு வந்த இளைஞன்.

அவன் கேட்டது சரியான கேள்வி. தனித்தனியே நன்றாக இயங்கும் கருவிகள், சேர்ந்தால் மட்டும் தகராறு செய்கின்றன என்றால், பெரும்பாலும் குற்றம் கருவிகளில் இல்லை. அவை பங்கு போட்டுக்கொள்ளும் பொருளில்தான் இருக்கும். அப்படி அவை எவற்றைப் பங்கிடுகின்றன? மின்சாரம், கம்பிவழி, காற்றுவெளி ஆகிய மூன்றை. ஒவ்வொன்றாக விசாரிப்போமா?

முதல் சந்தேகம்: மின்சாரம்

வீட்டு ஜங்ஷன் பாக்ஸ் போன்றதுதான் ஹப்பும். தனி மின்இணைப்பு இல்லாத ஹப், கணிப்பொறியின் ஒரே போர்ட்டிலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் பிரித்துக் கொடுக்கிறது. வழக்கமான போர்ட்டின் மின்னழுத்தம் 5 வோல்ட். யு.எஸ்.பி. 2 விதிப்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், யு.எஸ்.பி. 3 என்றால் 900 மில்லி ஆம்பியர்.

ஓம் விதியை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். கம்பியின் மின்தடை 0.5 ஓம், மின்னோட்டம் 0.8 ஆம்பியர் என்றால், கம்பியிலேயே 0.4 வோல்ட் இழக்கப்படும். கருவிக்குக் கிடைப்பது 4.6 வோல்ட்தான். மின்னழுத்தம் மிகவும் குறைந்தால் கருவி அணைந்து மீண்டும் எழும். கணிப்பொறி, இணைப்பு விட்டுப்போனதற்கும் மறுபடி சேர்ந்ததற்கும் 'டிங்' என்று ஒலி எழுப்பும். இதுவே மின்சாரக் குறையின் அடையாளம்.

இரண்டாம் சந்தேகம்: கம்பிவழி

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலும் திருவள்ளூருக்குப் போகும் மின்சார ரயிலும் பேசின் பிரிட்ஜைக் கடந்துதான் பிரிகின்றன. அங்கே நெரிசல் ஏற்பட்டால் இரண்டும் தாமதமாகும். ஹப்பிலும் அப்படித்தான். போர்ட்டுகள் நான்கு, கணிப்பொறிக்குச் செல்லும் கம்பி ஒன்று. 1996-இல் வெளியான யு.எஸ்.பி. முறையை உருவாக்கியவர்களில் இந்தியாவில் பிறந்த அஜய் பட் என்ற பொறியாளரும் ஒருவர். ஒரே இணைப்பில் 127 கருவிகள் வரை சேர்க்க அந்த முறை இடம் தருகிறது. ஆனால் எல்லாம் வரிசையில் நின்றே பேச வேண்டும். யு.எஸ்.பி. 2-இன் உச்ச வேகமான நொடிக்கு 480 மெகாபிட்டை எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்கின்றன. இங்கு நெரிசல் ஏற்பட்டால் கருவி மறைந்து போகாது, எல்லாமே மெதுவாகும். ஆனால் மௌசுக்குத் தேவைப்படும் செய்தியோ மிகச் சிறிது!

மூன்றாம் சந்தேகம்: காற்றுவெளி

வை-ஃபை, புளூடூத், கம்பியில்லா மௌஸ் ஆகிய மூன்றும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே பேசுகின்றன. இந்தியாவில் 2005-இல் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் குறைந்த திறன் கருவிகள் உரிமம் இன்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. உரிமம் வேண்டாத இடத்தில் கூட்டம் சேரத்தானே செய்யும்! வை-ஃபையின் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள்தான் இங்கே ஒன்றன்மேல் ஒன்று படாமல் இயங்குபவை. புளூடூத்தோ நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறித் தாவித் தப்பிக்கப் பார்க்கிறது.

இவற்றோடு இன்னொரு தொல்லையும் உண்டு. யு.எஸ்.பி. 3 கருவி வேகமாகத் தகவல் அனுப்பும்போது, அதிலிருந்தும் அதன் கம்பியிலிருந்தும் வெளிப்படும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. காதருகே பறை முழங்கினால் தூரத்தில் பேசுபவரின் குரல் கேட்குமா? இங்கே கருவி பட்டியலில் அப்படியே இருக்கும்; பேச்சுதான் தடுமாறும்.

சோதனை எப்படி?

இளைஞன் கவனித்தான். 'டிங்' ஒலி எழவில்லை. தகராறு வந்ததோ பென் டிரைவ் வேலை செய்தபோது மட்டும்தான். ஆகவே மூன்றாவது சந்தேகம் வலுத்தது. பென் டிரைவைப் பிடுங்கிக் கணிப்பொறியின் முன்பக்கத்தில் செருகினால் என்ன? தகராறு தீரலாம். ஆனால் அப்போது மின்சாரம், கம்பிவழி, தூரம் மூன்றுமே மாறிவிடும். எது குற்றவாளி என்று தெரியாது.

எனவே அவன் மௌசின் ரிசீவரை மட்டும் எடுத்து, அரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் மாட்டி, அதே ஹப்பில் அதே போர்ட்டில் செருகினான். மின்சாரம் வரும் இடமும் கம்பிவழியும் பழையவையே. மாறியது தூரம் ஒன்றுதான். மௌஸ் சீராக நகர்ந்தது! அடுத்து வை-ஃபை அடாப்டரையும் அப்படியே விலக்கி, இரும்பு பீரோவின் மறைவிலிருந்து மேசைமீது வைத்தான். இணையமும் நிலைத்தது. புதிய அடாப்டர் வாங்கியிருந்தால் பணம்தான் வீணாகியிருக்கும். ஏனெனில் அதையும் அதே இடத்தில்தானே செருகியிருப்பார்கள்!

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை அப்படியே வை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஊசலின் நீளத்தை மட்டும் மாற்றி அலைவு நேரம் பார்க்கிறீர்களே, அதே முறைதான் இது.

செய்து பாருங்கள்

1. ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன? (விடை: 12.5 செ.மீ.)

2. ஒரு ஹப்பில் மூன்று கருவிகள். தகராறு வரும்போதெல்லாம் 'டிங்' ஒலியும் கேட்கிறது. முதலில் எதைச் சந்தேகிப்பீர்கள்? ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க என்ன செய்வீர்கள்?