கொள்ளிடத்து மணலும் செவ்வாயின் சேறும்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள யாழினி,

கோடை விடுமுறையில் நம்பர் ஒன் டோல்கேட்டுக்குப் போகும்போது கொள்ளிடம் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாய். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். "செவ்வாய் இப்படித்தான் இருக்குமா பெரியப்பா? அங்கே எப்போதாவது மீன் இருந்திருக்குமா?" என்று கேட்டாய். "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். நல்ல கேள்விக்கு அது போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நம் மணலையே பார். வெள்ளத்தைக் கண்ணால் காணாதவர்கூட அங்கே இறங்கி நடந்தால் இது ஆறு என்று சொல்லிவிடுவார். முனை மழுங்கி உருண்ட கூழாங்கல், வரிவரியாகப் படிந்த மணல், வெயிலில் பாளம் பாளமாக வெடித்த வண்டல் எல்லாம் தண்ணீர் வந்துபோனதற்குச் சாட்சி. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போனால் இன்னும் வியப்பாய். புல்லும் அதிகமில்லாத வறண்ட மேடுபள்ளம். ஆனால் அந்த மண்ணில் அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. ஓர் இடத்தின் இன்றைய முகத்தை வைத்து அதன் நேற்றைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு நம் பக்கத்து ஊரே பாடம்.

இனி செவ்வாய்க்குப் போவோம். இன்று அது உயிருக்கு ஆகாத இடம். சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி. காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, கேல் பள்ளத்தில் உருண்ட கூழாங்கற்களைக் கண்டது. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி, ஜெசரோ என்னும் 45 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தில் இறங்கியது. முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அந்தப் பள்ளம் ஓர் ஏரி. அதில் ஓர் ஆறு வந்து விழுந்து, வண்டலைப் பரப்பி, டெல்டா கட்டியிருக்கிறது. முக்கொம்பில் பிரிந்து நம் தீவைச் சுற்றி வந்து, கல்லணைக்குக் கீழே தஞ்சைக்கு வயலைக் கொடுத்த காவிரி செய்த வேலைதான் அதுவும்.

பிறகு ஏன் வறண்டது? செவ்வாய் சிறிய கோள். அதன் நிறை பூமியின் நிறையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. உள்ளே வெப்பம் குறைந்து, கோளைக் காத்த காந்தப்புலம் அணைந்தது. சூரியனிலிருந்து வீசும் துகள்கள் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயின. காற்று மெலிந்ததும் தண்ணீர் தங்கவில்லை.

செவ்வாயின் கற்களைச் சோதிக்கும் முறையில் நம் ஊர்ப் பெயர் ஒன்று இருக்கிறது. பக்கத்துத் திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர் சி. வி. ராமன். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்புகிறது. அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். 1928இல் அவர் கண்ட இந்த விளைவை வைத்துத்தான் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஷெர்லாக், சூப்பர்கேம் கருவிகள் லேசர் பாய்ச்சிச் செவ்வாயின் கல்லில் என்ன இருக்கிறது என்று படிக்கின்றன.

2024 ஜூலையில், ஜெசரோவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தில், சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட ஒரு பாறையைப் பெர்சிவரன்ஸ் கண்டது. செயாவா அருவி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஷெர்லாக் அதில் கரிமப் பொருள் இருப்பதைக் காட்டியது. புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்பைடும் இருப்பதாகத் தெரிகிறது. நெல் வயலின் சேற்றைக் கிளறினால் உள்ளே கறுத்திருக்குமே, அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பையும் கந்தகத்தையும் மாற்றுவதால் வரும் கறுப்பு அது. செவ்வாயின் பழைய சேற்றிலும் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் உயிரே இல்லாமலும் இத்தகைய கனிமங்கள் உருவாக முடியும். 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரையும் இதை உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது என்ற அளவில்தான் சொல்கிறது. பாறையில் துளைத்தெடுத்த மாதிரி பூமிக்கு வந்து, ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால்தான் மேலே பேச முடியும்.

ஆகவே உன் கேள்விக்குள் மூன்று கேள்விகள். தண்ணீர் இருந்ததா? இருந்தது. உயிர் வாழ ஏற்ற இடமாக இருந்ததா? ஜெசரோவும் கேலும் ஆம் என்கின்றன. உயிர் இருந்ததா? இன்னும் விடை இல்லை. வீடு கட்டிக் கிடந்தது என்பதாலேயே அதில் ஆள் குடியிருந்தார் என்று ஆகிவிடாது.

மீனா? அது மட்டும் வேண்டாம். அந்த ஏரி நிறைந்திருந்த காலத்தில் நம் பூமியிலும் மீன் இல்லை, நுண்ணுயிர்கள்தான். மீன் வர அதற்குப் பிறகும் சுமார் 300 கோடி ஆண்டுகள் ஆயின. அந்த ஏரியைக் கற்பனை செய்யும்போது, அதன் அடிச்சேற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை நினைத்துப் பார். சாட்சி விட்ட வழியில் அவ்வளவு தூரம் போகலாம்.

அடுத்த முறை வரும்போது ஒரு நோட்டு கொண்டு வா. கொள்ளிடத்தில் இறங்குவோம். இடப்பக்கம் நீ கண்டதை எழுது. வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்ததை எழுது. இரண்டும் கலக்காமல் ஒரு பக்கம் எழுதிவிட்டால், செவ்வாயைப் படிக்கிறவர்கள் செய்யும் வேலையை நீயும் தொடங்கிவிட்டாய்.

அன்புடன்,
உன் பெரியப்பா