மெக்ரோ லென்ஸ்: தேயிலை மலைகளில் உலவும் நம்பிக்கைகள்

கலியாணத்துக்கும் சடங்குக்கும் படம் பிடிக்க வாங்கிய கமரா, வேலையில்லாத நாட்களில் டயகமவின் தேயிலை மலைகளுக்குள் இறங்கிவிடுகிறது. பனித்துளி, சிலந்தி, கொழுந்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிய முட்டை என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் பாதைகளில் ஒன்று இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற காடு கைக்கெட்டும் தூரத்தில். குறை ஒன்றுதான்: "மெக்ரோ லென்ஸ் இல்லையே அண்ணே!"

நாட்சம்பளம் 1000 ரூபா ஆவதற்கே 2021 வரை போராடிய தோட்டங்கள் இவை. அடுத்த ஆண்டே டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 வரை ஏற, இறக்குமதி லென்ஸ்களின் விலையும் கூடவே ஏறியது. ஆகவே லென்ஸைப் பற்றிய ஒவ்வொரு தவறான எண்ணமும் இங்கே பையிலிருந்துதான் கழிகிறது.

நம்பிக்கை: 'மெக்ரோ' என்று எழுதியிருந்தால் அது மெக்ரோ லென்ஸ்தான்.

விற்பவருக்கு வசதியான நம்பிக்கை. பூச்சியின் உண்மையான அளவும் கமராவின் சென்சரில் விழும் அதன் பிம்பத்தின் அளவும் சமமானால் அது 1:1. மெக்ரோ என்று வழக்கமாகக் கொள்வது அதைத்தான். டெம்ரோன் 70-300 சூம் லென்ஸிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அது தருவது 1:2, அதாவது பாதி. பழைய சூம்களில் பல 1:4 அளவிலேயே நின்றுவிடும். சோதிக்கப் பாடசாலை அடிமட்டம் ஒன்று போதும். லென்ஸை ஆகக் கிட்டக் குவித்து அடிமட்டத்தைப் படம் எடுங்கள். ஏபிஎஸ்-சி சென்சர் கமராவில், படத்தின் அகலத்துக்குள் 22, 23 மில்லிமீற்றர் மட்டும் தெரிந்தால் அது 1:1. 60 மில்லிமீற்றர் தெரிந்தால் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

மூன்றில் ஒன்றையும் இகழ வேண்டியதில்லை. கெனன் கமராவோடு வந்த பழைய 18-55 எஸ்ரிஎம் லென்ஸே 0.36 மடங்கு தரும். கொழுந்து பறிக்காமல் விட்ட மலைகளில் தேயிலை பூக்கும். மூன்று சென்ரிமீற்றர் அளவான அந்தப் பூ இந்த லென்ஸிலேயே படத்தின் பாதி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்த கொப்புள நோயின் வட்டங்களுக்கும் அது போதும். செஞ்சிலந்திப் பேன் வேறு கதை. அது அரை மில்லிமீற்றர்கூட இராது. 1:1 லென்ஸில் எடுத்தாலும், 24 மெகாபிக்சல் படத்தின் 6000 புள்ளி அகலத்தில் அதற்குக் கிடைப்பது 100 புள்ளி சொச்சம். அதை முகம் தெரிய எடுக்க ஆசைப்படுபவருக்கு விலை கூடிய மெக்ரோ லென்ஸும் கைகொடுக்காது. பூவை எடுக்க ஆசைப்படுபவருக்கு அது தேவையே இல்லை.

நம்பிக்கை: தனி மெக்ரோ லென்ஸ் இல்லாமல் 1:1 கிடைக்காது.

கிடைக்கும். வழி மூன்று இருக்கிறது. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே பூட்டும் நீட்டிப்பு வளையம் முதலாவது. அதற்குள் கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். "தரத்தைக் கெடுக்கும்" என்று பயப்பட அதில் எதுவுமில்லை. கணக்கும் எளிது: வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுகிற உருப்பெருக்கம் வரும். 12, 20, 36 மில்லிமீற்றர் என மூன்று வளையமாகத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், மொத்தம் 68. அதை 50 மி.மீ. லென்ஸில் பூட்டினால் 1:1ஐயும் தாண்டிவிடும். அதே 36 மி.மீ. வளையத்தை 300 மி.மீ. லென்ஸில் போட்டால் 0.12 மட்டுமே கூடும். 'வளையம் வாங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை' என்கிறவர்களில் பலர் அதை நீண்ட சூமில் பூட்டிப் பார்த்தவர்கள். மின்தொடர்பு இல்லாத மலிவு வளையத்தை வாங்காதீர்கள். பெரும்பாலான புதிய லென்ஸ்களின் துவாரத்தை அதனூடாகக் கட்டுப்படுத்த முடியாது.

நீண்ட சூம் வைத்திருப்பவருக்கு ஏற்றது இரண்டாவது வழி, லென்ஸின் முன்னால் மாட்டும் வில்லை. ரெய்னொக்ஸ் டிசிஆர்-250 என்ற ஜப்பான் வில்லை 8 டயப்டர் வலுவுடையது. குவியத்தூரம் 125 மி.மீ. அதை 250 மி.மீ. சூமில் கவ்வ வைத்தால் இரண்டு மடங்கு. 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 0.4தான். நான்கைந்து வில்லை சேர்த்து ஒரு பெட்டியாக விற்கும் ஒற்றைக் கண்ணாடி ரகத்தில் ஓரமெல்லாம் ஊதா நிறம் கசியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, லென்ஸைத் தலைகீழாகப் பூட்டும் வளையம். ஆக மலிவும் அதுதான், ஆகத் தொல்லையும் அதுதான். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி மூடுபனிக்கும் ஈர இலைக்கும் நேராக நிற்கும். துவார வளையம் உள்ள பழைய லென்ஸ் கையில் இருந்தால் மட்டும் முயலலாம்.

நம்பிக்கை: மில்லிமீற்றர் கூடினால் பெரிதாகத் தெரியும்.

நிக்கோனின் 40 மி.மீ. மெக்ரோவும் கெனனின் 100 மி.மீ. மெக்ரோவும் தருவது ஒரே 1:1. வித்தியாசம் தூரத்தில். முதலாவதில் பூச்சி லென்ஸின் முகத்திலிருந்து நான்கு சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும்; இரண்டாவதில் 13, 14 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். பூவும் பாசியும் எடுப்பவர் குட்டையான மலிவு லென்ஸை எடுத்துக்கொள்ளலாம். தும்பி எடுப்பவருக்கு அது சரிப்படாது. விடியற்காலைக் குளிரில் தும்பியும் விறைத்துத்தான் கிடக்கும் என்பது வேறு விஷயம். டயகமவில் அந்தக் குளிருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: எஃப் 22 வைத்தால் பூச்சி முழுவதும் கூராக வரும்.

1:1இல் எஃப் 8 வைத்து எடுத்தால் ஏபிஎஸ்-சி கமராவில் கூராக வரும் ஆழம் ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர். அதைக் கண்டு பயந்துதான் எஃப் 22க்கு ஓடுகிறார்கள். ஆனால் 1:1இல் துவாரம் இரண்டு மடங்கு சிறுத்தது போலவே வேலை செய்யும். 22 என்பது நடைமுறையில் 44. ஒளி அந்தச் சிறு துளையில் வளைந்து சிதற, படம் முழுவதும் மங்கிப்போகும். எஃப் 8, 11 போதும். பூச்சியின் விலாவுக்குச் சமாந்தரமாகக் கமராவைப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதி மங்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். குவியம் சரியில்லை என்று தன் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் ஓயாமல் குறை சொன்ன ஜூலியா மார்கரெட் கெமரன் 1879இல் இதே மலைநாட்டின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் எடுத்த அந்தப் படங்களை இன்று அருங்காட்சியகங்கள் காக்கின்றன.

எஃப் 8, 11இல் வெளிச்சம் குறையும் என்பதால், முக்காலிக்கு வைத்திருக்கும் பணத்தை ஃபிளாஷுக்குத் திருப்புங்கள். காற்றில் ஆடும் கிளைக்கு முக்காலி என்ன செய்யும்? ஃபிளாஷின் ஒளி கணநேரத்தில் அடித்து ஓய்வதால் ஆட்டம் பதியாது. முன்னால் மெல்லிய ரெஜிபோம் துண்டையோ வெள்ளைப் பிளாஸ்ரிக் தாளையோ கட்டினால் வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளி விழாது.

நம்பிக்கை: ஆட்டோஃபோகஸ் இல்லாத லென்ஸ் வீண்.

இவ்வளவு கிட்டத்தில் குவியத்தைச் சரிசெய்வது லென்ஸ் அல்ல, உடம்பு. மூச்சை அடக்கி முன்னும் பின்னும் நூலளவு அசைந்துதான் எடுக்கிறோம். அதிர்வு தடுக்கும் வசதியும் இங்கே வலுவிழந்துவிடும். ஆகவே இவ்விரண்டுக்கும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். மிரர்லெஸ் கமரா உள்ளவர் ரிரிஆர்ட்டிசன் 40 மி.மீ., செவன்ஆர்ட்டிசன்ஸ் 60 மி.மீ. போன்ற கைக்குவிய லென்ஸ்களைப் பார்க்கலாம். பழைய நிக்கோன் கமராவுக்கு 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ நிக்கோர் இன்னும் நல்ல தெரிவு. தனியே 1:2, 27.5 மி.மீ. வளையத்தோடு 1:1.

நம்பிக்கை: பாவித்த லென்ஸ் வாங்கக் கூடாது, வாங்கினால் அரிசிக்குள் வை.

பாவித்ததை வாங்கலாம். ஆனால் தென்மேல் பருவத்தில் மாதக்கணக்கில் ஈரம் விடாத ஊரில் இருந்த லென்ஸ் என்றால் பூஞ்சணத்தைத் தேட வேண்டும். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கமாக டோர்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசி கவலையில்லை. சிலந்திநூல் போலக் கிளைவிட்ட வெண்படலம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும். அரிசி ஈரத்தைச் சொற்பமாகவே இழுக்கும், அதன் மாவுத்தூசி குவியவளையத்துக்குள் இறங்கும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் மணிகளை மெல்லிய சூட்டில் காயவைத்து, ஆறியதும் திரும்பப் போட்டுவிடலாம்.