ஆடிய கூத்தும் அகப்பட்ட நிழலும்

கலைகளுள் சில காலத்தை எதிர்த்து நிற்பன. சில காலத்தோடு கரைந்து போவன. சிற்பி மறைந்தாலும் சிலை நிற்கிறது. புலவன் மறைந்தாலும் ஏடு நிற்கிறது. ஆடுபவர் மறைந்தாலோ ஆடலும் உடன் மறைகிறது. இக்குறையைத் தீர்க்க வந்த கருவி திரைப்படம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது எவ்வளவு உண்மை என்பதைச் சில படங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கோடையில் தெருக்கூத்து நடந்தது. கூத்து வாத்தியாரே அன்று துரியோதனன் வேடம் கட்டினார். நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். முகம் நன்றாகத் தெரியவேண்டும் என்று அதையே நெருக்கமாக எடுத்தேன். மறு ஆண்டு வாத்தியார் காலமானார். அவரிடம் பயின்ற ஒருவர் என்னைத் தேடி வந்து, "தம்பி, திரையை விட்டு வெளியே வரும்போது வாத்தியார் போடுற அடி எனக்கு இன்னும் பிடிபடலை. நீ எடுத்த படத்தைக் கொஞ்சம் காட்டு" என்றார். காட்டினேன். கிரீடம் தெரிந்தது, புருவம் தெரிந்தது, கால் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

ஆடலைப் படமாக்கும் நெறிகள் பல. அவற்றுள் மூன்றை இங்கே காண்போம்.

முதலாவது, காமிரா சாட்சியாய் நிற்பது. தமிழ்நாட்டு அரசும் பம்பாயிலுள்ள தேசிய நிகழ்கலை மையமும் ஆதரவளிக்க, சத்யஜித் ரே 1976இல் 'பாலா' என்னும் படத்தை எடுத்தார். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையாரைப் பற்றியது அது. அவர் ஆட்டத்தைப் பதினான்கு வயதுச் சிறுவனாகக் கல்கத்தாவில் கண்டவர் ரே. படம் எடுத்தபோது அம்மையாருக்கு வயது 58. இளமை ஆட்டம் போயிற்றே என்று ரே கைகட்டி இருந்துவிடவில்லை. படமே இல்லாமற் போவதினும் இந்த வயதிலேனும் எடுத்து வைப்பது மேல் என்று கருதினார். 1984இல் அம்மையார் மறைந்தார். அக்கருத்தின் அருமை இன்று நமக்கு நன்கு விளங்குகிறது.

அப்படத்தில் அம்மையார் கடற்கரையில் நின்று, கண்ணனை விரைந்து வா என அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். அது மைசூருக்கு அருகிலுள்ள பன்னூரிற் பிறந்த வியாசராயர் இயற்றியதாக வழங்குவது. காட்சி அழகுதான்; ஆனால் காற்று சேலையை அலைக்கிறது; கண் கையை விட்டுக் கடலுக்குப் போகிறது. பின்னர் வரும் வருணத்திலோ காமிரா அடங்கி நிற்கிறது. நாம் ஆடலை மட்டுமே காண்கிறோம். சாட்சி எங்கே பேசவேண்டும், எங்கே வாய் மூடவேண்டும் என்பதற்கு ஒரே படத்தில் இரண்டு பாடங்கள்!

இரண்டாவது, காமிராவே உடன் ஆடுவது. அமெரிக்காவில் மாயா டெரன் என்னும் அம்மையார் 1945இல் சில நிமிடமே ஓடும் சோதனைப் படம் ஒன்றை எடுத்தார். டாலி பீட்டி என்னும் நடனக் கலைஞர் காட்டில் தூக்கிய கால், வீட்டு அறையொன்றில் வந்து ஊன்றுகிறது. இவ்வாட்டத்தை எந்த மேடையிலும் எவரும் கண்டிருக்க முடியாது. இது நடந்த ஆடலின் பதிவு அன்று. படத்தில் மட்டுமே வாழும் ஆடல். இதைப் பதிவென்று மயங்கினால் பிழை; கலையன்று எனத் தள்ளினாலும் பிழையே.

மூன்றாவது, கலைஞர் போனபின் நினைவைத் தேடுவது. காசியின் தும்ரிப் பாடகி சித்தேசுவரி தேவி 1977இல் மறைந்தார். மணி கௌல் அவரைப் பற்றி எடுத்த படம் 1989இல் வந்தது. பாடகியாக நடிக்கும் மீதா வசிஷ்ட், இறுதியில் தொலைக்காட்சிப் பெட்டியில் உண்மைச் சித்தேசுவரியைப் பார்க்கிறார். அந்தப் பழைய பதிவு இல்லாதிருந்தால் அவர் எதைப் பார்த்திருப்பார்?

இம்மூன்றும் சேர்ந்து உணர்த்துவது ஒன்று. படம் ஆடலைக் காப்பதில்லை. ஓர் இரவை மட்டுமே காக்கிறது. ஒரே அடியைப் பத்து விதமாக அபிநயிப்பது நம் மரபின் உயிர். மைசூரில் வாழும் நமக்கு இது அயற்செய்தி அன்று. தஞ்சை நால்வருள் ஒருவரான சின்னையா, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையை அணிசெய்தவர். அரண்மனை ஆடல் மரபில் வந்த கே. வெங்கடலட்சம்மா (1906–2002) நம் பல்கலைக்கழகத்திலேயே நடனம் கற்பித்தவர். இத்தகையோர் மாணவர்க்குத் தந்தது ஓர் இரவின் அபிநயம் அன்று. மறுநாள் வேறுவிதமாக ஆடும் ஆற்றல். படத்தைப் பார்த்து அப்படியே போலச் செய்பவர் அவ்வாற்றலை இழக்கிறார். ஆகவே படம் ஆசிரியர்க்குத் துணையாகலாம், ஆசிரியர் ஆகாது.

துணையாவது செவ்வையாக அமையவேண்டாமா? ஊருக்குச் செல்லும் நண்பர்களே, உங்கள் சட்டைப்பையில் காமிரா இருக்கிறது. கூத்தோ, கரகமோ, காவடியோ கண்டால் தள்ளி நின்று எடுங்கள். கிரீடம் முதல் சலங்கை வரை சட்டத்திற்குள் அடங்கட்டும். இடையில் நிறுத்தாதீர்கள். பின்பாட்டுக்காரரையும் மிருதங்கக்காரரையும் விட்டுவிடாதீர்கள். இயன்றால் அதே கூத்தை மற்றோர் இரவும் எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது மரபு, எது அன்றைய கற்பனை என்பது புலனாகும். நாளும் ஊரும் ஆடியவர் பெயரும் குறித்து வையுங்கள். ஆடியவர்க்கு ஒரு படி கொடுங்கள். அது முதலில் அவருடைய உடைமை.

இவ்விடுமுறையில் எங்கள் ஊரில் மீண்டும் கூத்து. என்னிடம் வந்து வெறுங்கையோடு திரும்பிய அவரே துரியோதனன் வேடம் கட்டுகிறார். வாத்தியாரின் அடியை நினைவிலிருந்து தேடிப் பாதி பிடித்துவிட்டாராம். இம்முறை நான் பத்தடி பின்னே நிற்பேன்.