உழைத்தும் போதாத வருமானம்: பணக்கூலியும் மெய்க்கூலியும்

மாணவர்களே, "வறுமைக்கான காரணங்களைத் தருக" என்று வினவினால் உங்களுள் பலர் முதலில் எழுதுவது "சோம்பேறித்தனம்" என்பதையே. காரைதீவுக் கடற்கரையில் விடியுமுன் தோணி தள்ளுபவரையும், மருதமுனையில் பகல் முழுவதும் தறியில் இருப்பவரையும் கண்டுகொண்டே இப்படி எழுதுகின்றீர்கள். வேலை கிடைக்காதோரின் வறுமை வேறு, வேலை செய்வோரின் வறுமை வேறு. இங்கு நாம் நோக்குவது இரண்டாவதை.

ஒருவர் கையில் பெறும் பணத்தின் தொகை பணக்கூலி எனப்படும். அப்பணத்தைக் கொண்டு வாங்கக்கூடிய பொருட்கள், சேவைகளின் அளவு மெய்க்கூலி எனப்படும். மேசன் வேலைக்குச் செல்லும் ஒருவரின் நாட்கூலி 1,500 ரூபாவிலிருந்து 2,000 ரூபாவாக உயர்ந்தது என்று கொள்வோம். அதே காலத்தில் விலைச் சுட்டெண் 100 இலிருந்து 160 ஆகியது. 2,000 ஐ 160 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குக. விடை 1,250. கூலி 500 ரூபா கூடியும் அவர் 250 ரூபா இழந்துள்ளார். கூலி கூடியதை ஊரே அறியும். இழந்ததை அறிவது வீட்டில் அரிசி அளப்பவர் மட்டுமே.

இலங்கையில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது 2022 இல். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 சதவீதம். அதாவது ஓராண்டுக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறத்தாழ 1,949 ரூபா தேவைப்பட்டது.

விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் பிழையொன்றை இங்கு கூற வேண்டும். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்தது. உடனே "விலைகள் குறைந்தன" என்று எழுதிவிடுகின்றீர்கள். குறைந்தது விலை ஏறும் வேகம். மொத்தச் செலவைப் பார்த்தால், 2021 இல் 1,000 ரூபாவாக இருந்தது 2022 இல் 1,698 ஆகி, 2023 இல் சுமார் 1,720 ஆகியது. பழைய 1,000 திரும்பி வரவில்லை. வானொலியில் "பணவீக்கம் வீழ்ச்சி" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போன உம்மாவோ அம்மாவோ ஏன் கோபத்துடன் திரும்பினார் என்பது இப்போது விளங்கும்.

மீனவரின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு பயணத்திற்கு 20 லீற்றர் எனக் கொண்டால் 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவாகும். படகுத் தொழிலில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பார்கள். ஆகவே விலையேற்றம் படகு உரிமையாளரோடு நிற்காமல் வலை இழுத்தவரின் பங்கையும் தின்றது. மீன் விலை கூடியதே என்று கேட்கலாம். பாடு குறைந்த நாளில் விலை கூடி என்ன பயன்?

இத்தகைய குடும்பம் எதைக் குறைக்கும்? 1857 இல் ஏர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜேர்மனியப் புள்ளிவிபரவியலாளர், வருமானம் குறைந்த குடும்பங்களில் உணவுக்குச் செல்லும் பங்கு அதிகம் என்று காட்டினார். உணவே பெரும்பங்கை எடுத்துவிட்டால் மிஞ்சியதில்தான் மின்கட்டணம், மருந்து, பஸ் காசு, கொப்பி எல்லாம். முதலில் மீனும் முட்டையும் குறையும். பிறகு கடைக் கடன், அடகு, நுண்நிதிக் கடன். அதன் பிறகு பிள்ளையின் பாடசாலை நாட்கள். அறுவடைக் காலத்தில் என் வகுப்பின் பின்வாங்குகள் வெறுமையாவதை நான் சோம்பலாகக் கணக்கெடுப்பதில்லை.

அரச நடவடிக்கைகளில் இரண்டை அறிந்திருத்தல் போதும். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதம் 10,000 ரூபாவை நிர்ணயித்தது. பின்னர் திருத்தப்பட்டு 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் தொழில்தருநர் ஒருவர் இருந்தாலே இச்சட்டம் பயன்படும். பங்குக்குக் கடலுக்குச் செல்பவர் யாரிடம் கேட்பார்? இரண்டாவது, சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 இல் வந்த அஸ்வெசும. அது நான்கு பிரிவுகளாக 2,500 முதல் 15,000 ரூபா வரை வழங்கத் தொடங்கியது. பட்டியலில் இடம்பெறாதோரின் மேன்முறையீடுகளும் நாடெங்கும் குவிந்தன.

பயிற்சி: நாட்கூலி 1,800 இலிருந்து 2,520 ரூபாவாகவும், விலைச் சுட்டெண் 120 இலிருந்து 180 ஆகவும் உயர்ந்தன. இரு காலத்து மெய்க்கூலியையும் கணித்து, அக்குடும்பம் முன்னேறியதா என இரண்டு வசனங்களில் எழுதுக. (விடை: 1,500, 1,400.)