சித்திரையில் புதுப்பியுங்கள், தையில் தொடாதீர்கள்

2019 அக்டோபர் வரை நோட்.ஜேஎஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் அந்த இயக்கிக்குள் ஐசியூ என்றொரு தரவுத் தொகுப்பு உண்டு. எந்த மொழியில் மாதத்தை எப்படி எழுதுவது, எண்ணில் எங்கே கமா போடுவது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பதிவிறக்கும் கோப்பு பெருத்துவிடக் கூடாது என்று 12ஆம் பதிப்பு வரை அதில் ஆங்கிலத்தை மட்டும் வைத்திருந்தார்கள். இந்தியத் தமிழில் மாதப் பெயர் வேண்டும் என்று நிரல் கேட்டால், இல்லை என்று சொல்லாது. சத்தமில்லாமல் அமெரிக்க ஆங்கிலத்தில் கொடுத்துவிடும். 13ஆம் பதிப்பில் எல்லா மொழிகளும் வந்து சேர்ந்தன. அதே வரி 'ஜனவரி' என்று தமிழில் அச்சடிக்கத் தொடங்கியது. 1,234,567 என்று வந்த எண் நம் வழக்கப்படி 12,34,567 ஆனது.

தமிழில் வேலை செய்கிற எல்லாருக்கும் இது நல்ல செய்தி. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில், அந்த நல்ல செய்திதான் 2022 சம்பா அறுவடையின் கணக்கைக் குலைத்தது.

மில்லின் மென்பொருள் சிறியது. எடைமேடையில் வண்டி ஏறி இறங்கியதும் சீட்டு எண், ரகம், மூட்டை, ஈரப்பதம், எடை எல்லாவற்றையும் பதிந்து, மாதத்துக்கு ஒரு தாளாக எக்செல் கோப்பில் சேர்க்கும். அதிலிருந்து விவசாயிகளுக்கான பட்டுவாடா பட்டியலை எடுத்துக் கொடுக்கும். அதை எழுதிக் கொடுத்த நிறுவனம், தாளுக்குப் பெயர் வைக்க இந்தியத் தமிழில் மாதப் பெயரைக் கேட்கும் வரியைப் போட்டிருந்தது. நோட் 12இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. மொத்தம் போடும் இடத்தில் மாதப் பெயர்களை ஆங்கில எழுத்தில் கையாலேயே தட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதை எழுதுகிறவர் அந்த நிரலில் ஒரு வரிகூட எழுதியவர் இல்லை. உடைந்த பிறகு ஒட்டவைத்தவர். அதனால் சில விஷயங்களை உரக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

புத்தாண்டு கழிந்த வாரம், உமித்தூசி அடைத்து மில்லின் பழைய விண்டோஸ் 7 பெட்டி நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் விண்டோஸ் 10 போட்ட வேறொரு பெட்டியை வைத்து, நோட் தளத்தில் பெரும்பாலோருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பதிப்பை இறக்கி நிறுவினார். அப்போது அது 16. பழைய பெட்டியில் இருந்தது 12. அந்த எண் எந்தக் கோப்பிலும், எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. நிரல் திறந்தது, சீட்டு அச்சானது, சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

போகியன்று காலை கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, பட்டுவாடா லிஸ்ட்டு தலைப்புல தேதி இருக்கற இடத்துல இங்கிலீஷ்ல என்னமோ செல்லாதுன்னு போடுது. மூட்டைக் கணக்கும் பாதியோட நிக்குது. வண்டி வந்தது எனக்குத் தெரியும்ப்பா, சீட்டெல்லாம் கம்பியில குத்தி வச்சிருக்கேன்."

கோப்பைத் திறந்தால், அடியில் தாள்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஆங்கில எழுத்தில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. அவற்றுக்கு வலப்புறம், பக்கவாட்டில் நகர்த்தினால்தான் கண்ணில் படும் இடத்தில், தமிழ் எழுத்தில் இன்னொரு ஜனவரி. பெட்டி மாறிய நாளிலிருந்து வந்த நெல் அத்தனையும் அந்தக் கடைசித் தாளில் ஒரு மூட்டை குறையாமல் பதிவாகியிருந்தது. மொத்தம் போடும் வரி மட்டும் ஆங்கில ஜனவரியோடு நின்றுவிட்டது.

தேதியில் நடந்தது இதைவிட மோசம். ஜனவரி 8ஐ நோட் 12 அமெரிக்க முறையில் 1/8/2022 என்று எழுதும். கணக்குப்பிள்ளைக்கும் அதுவே பழகிவிட்டிருந்தது. நோட் 16 நம் முறைப்படி 8/1/2022 என்று எழுதியது. பட்டியல் எடுக்கும் பகுதி, அந்த எழுத்துகளை மறுபடியும் தேதியாகப் படிக்கும். அப்படிப் படிக்கும்போது இயக்கி மாதத்தைத்தான் முதலில் எதிர்பார்க்கும் என்பதால் அது ஆகஸ்ட் 1 ஆனது. அந்த ஆகஸ்ட் 1ஐத் தலைப்பில் தமிழ் முறையில் அச்சடித்தபோது காகிதத்தில் விழுந்தது 1/8/2022. பழைய பெட்டி ஜனவரி 8க்கு என்ன அச்சடித்திருக்குமோ, எழுத்துக்கு எழுத்து அதுவே. தாளைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை. உள்ளே மட்டும் அந்த விவசாயிகள் ஆகஸ்ட் மாதம் நெல் போடப் போகிறவர்களாகி, பணம் பெற வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். 12ஆம் தேதி வரை இப்படியே ஓடியது. 13ஆம் தேதி வந்தது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் இயக்கி அன்றுதான் வாய் திறந்தது.

பொங்கலுக்குப் பணம் வரும் என்று இருந்தவர்களிடம் மில் முதலாளி என்ன சொல்ல முடியும்? கம்ப்யூட்டர் கோளாறு என்பதை நெல்லைக் கொட்டிவிட்டு நிற்கிறவர் ஏற்றுக்கொள்வாரா? கம்பியில் குத்தியிருந்த சீட்டுகள்தான் மானத்தைக் காப்பாற்றின. நிரல் எழுதிய நிறுவனத்தைக் கூப்பிட்டால், நோட்டில் வழு இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படி எந்த வழுவும் இல்லை. நோட் 13இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே, எல்லா மொழிகளுக்கும் ஆதரவு சேர்ந்துவிட்டது என்று முதன்மை மாற்றங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் எடுத்துப் படித்திருந்தால் போதும்.

அன்றே நோட் 12ஐத் திரும்ப நிறுவி, புதிய தாளில் இருந்ததைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பழைய தாளில் சேர்த்து, அறுவடை முடியும்வரை அதிலேயே ஓட்டுவது என்று முடிவானது. சென்னையில் இருக்கும் சில நண்பர்கள் இதற்குத் திட்டினார்கள். பதிப்பைப் பின்னுக்குக் கொண்டுபோகலாமா, பாதுகாப்பு என்னாவது என்றார்கள். நோட் 12க்கு 2022 ஏப்ரல் கடைசி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது, தெரிந்த பதிப்புக்குத் திரும்புவதே சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில்.

இதற்காக, ஓடுகிறதைத் தொடாதே என்கிற கட்சியில் சேரச் சொல்லவில்லை. அந்தக் கட்சிதான் மில்லை விண்டோஸ் 7இல் அத்தனை வருடம் உட்கார வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதைக் கைவிட்டது; நோட் 14 முதல் அதில் ஓடவும் மறுக்கிறது. தொட வேண்டும். எப்போது தொடுவது என்பதுதான் கேள்வி.

நோட்டின் புதிய பெரும்பதிப்புகள் பல ஆண்டுகளாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் வந்தன. ஏப்ரலில் வந்த இரட்டைப்படை எண், அக்டோபரில் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக மாறியது. அக்டோபர் காவிரி டெல்டாவில் எப்படிப்பட்ட மாதம்? குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பமாகக் குவிந்து கிடக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதா இல்லையா என்று ஒவ்வொரு குவியலுக்கும் வாக்குவாதம் நடக்கும். அந்த மாதத்தில் இயக்கியை மாற்றுவது மடத்தனம். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா; அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தாளடி. சித்திரை பிறக்கும்போதுதான் எடைமேடை ஓய்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். குறுவை நெல் மில்லுக்கு வர அதிலிருந்து மூன்று மாதமாவது ஆகும். ஆகவே முந்தைய அக்டோபரில் நீண்டகால ஆதரவுக்கு வந்த பதிப்பை, அதன் ஆரம்பக் கோளாறுகள் ஆறு மாதம் ஊரார் கையில் அடிபட்டுத் தீர்ந்த பிறகு, சித்திரையில் ஏற்றுங்கள். வைகாசி முழுக்க ஓட்டிப் பாருங்கள். 2022இல் மேட்டூர் மே 24ஆம் தேதியே திறந்தது, அரசு கொள்முதல் பருவமும் செப்டம்பர் 1க்கு முன்வந்தது. அந்த வருடம்கூட இந்தக் கால அட்டவணை தாங்கியது.

பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். அந்த ஒரு எண் இல்லாததற்குக் கொடுத்த விலைதான் பெரிது. பேக்கேஜ் ஜேசன் கோப்பில் 'எஞ்சின்ஸ்' என்ற இடம் அதற்காகவே இருக்கிறது. அங்கே எழுதினால் மட்டும், பொட்டலங்களை நிறுவும் என்பிஎம் எச்சரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். என்பிஎம்-ஆர்சி கோப்பில் 'எஞ்சின்-ஸ்ட்ரிக்ட்' என்பதையும் போட்டால்தான் வேறு பதிப்பில் நிறுவ மறுக்கும். நோட்டின் நிறுவல் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, எண்ணை அட்டையில் எழுதி, எடைமேடை அறைப் பெட்டியில் வையுங்கள். உங்கள் கம்ப்யூட்டரும் அங்கேதான் இருக்கும், இணையமும் மழைக்காலத்தில் இல்லாமல் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆன ஊர்கள் இவை.

மற்ற படிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. லாக் கோப்பை அழிக்காதீர்கள், மில் பெட்டியில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள், அது லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும்.

அந்த 'சிஐ' கட்டளையின் பிறப்பும் அறிந்துகொள்ள வேண்டியது. 2018 பிப்ரவரியில் என்பிஎம் 5.7.0இல் அது அறிமுகமானது. அதே வெளியீட்டில்தான், லினக்ஸில் சூடோ போட்டு என்பிஎம் ஓட்டினால் எட்க், யூஎஸ்ஆர் போன்ற கணினியின் சொந்தக் கோப்புறைகளின் உரிமையையே மாற்றிவிடும் வழுவும் வந்தது. பல சர்வர்கள் முடங்கின. அடுத்த நாளே 5.7.1 வந்து அதைச் சரிசெய்தது. நல்ல கட்டளையும் கொடிய வழுவும் ஒரே பொட்டலத்தில் வந்த வெளியீடு அது. முதல் நாளே ஏற்றியவர் மாட்டினார், அடுத்த வாரம் ஏற்றியவர் தப்பினார்.

கட்டளைவரிக் கருவிகளில் அண்மைக் காலத்தில் வந்த திருத்தங்கள், வெளிப் பொட்டலங்களை வீட்டுக்கு அனுப்ப உதவுகின்றன. கோப்பு மாறியதும் நிரலை மறுபடி ஓட்டும் 'வாட்ச்' ஆப்ஷன் 2022இல் நோட் 18.11இல் வந்தது. ரகசியச் சொற்களைத் தனிக் கோப்பிலிருந்து படிக்கும் 'என்வ்-ஃபைல்' 2023இல் 20.6இல் வந்தது. சோதனை ஓட்டும் கருவி நோட் 20இல் நிலைபெற்றது. அந்த வேலைகளுக்கு வைத்திருந்த நோட்மான், டாட்என்வ் எல்லாம் மில் நிரலிலிருந்து கழன்றுவிட்டன. ஒவ்வொரு பொட்டலம் குறைவதும் நிம்மதி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரிப் பொட்டலத்தை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகெங்கும் நிரல்கள் கட்டமுடியாமல் நின்றன. 2025 செப்டம்பரில் சாக், டீபக் முதலிய பொட்டலங்களின் பராமரிப்பாளரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, நச்சு நிரலை நுழைத்தார்கள். அவற்றின் வாராந்தரப் பதிவிறக்கம் சேர்த்து 200 கோடிக்கு மேல். மூட்டை எண்ணுகிற நிரலுக்கு இத்தனை பேரை நம்ப வேண்டிய தேவை இல்லை.

டீனோ, பன் என்ற வேறு இயக்கிகளுக்கு மாறக் கூடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். டீனோ நல்ல கருவி. நோட்டை உருவாக்கிய ரயன் டால் 2018இல் பெர்லினில் நோட் பற்றிய தன் வருத்தங்களைப் பட்டியலிட்ட உரையிலேயே அறிமுகப்படுத்தியது அது. ஒரே கோப்பில் எல்லாம் அடங்கும்; அனுமதி கொடுக்காமல் வட்டைத் தொடாது; 2024 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பு என்பிஎம் பொட்டலங்களோடும் ஒத்துப்போகிறது. பன் வேகமானது, ஆனால் விண்டோஸுக்கு முறையாக வந்ததே 2024 ஏப்ரலில்தான். இரண்டிலும் திருத்தங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. புதிதாக எழுதுகிறவர் டீனோவில் தொடங்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் மில்லை வேகத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். லாரி எடைமேடையில் ஏறும் நேரத்துக்குள் நோட் தன் வேலையைப் பலமுறை முடித்துவிடும்.

2022 சித்திரையில் தேதிப் பகுதி முழுவதும் திருத்தி எழுதப்பட்டு, மில் 16க்கு மாறியது. தேதியை உலகத் தர வடிவில் மாற்றி முதல் பத்து எழுத்தை வெட்டிக்கொள் என்று எங்கு பார்த்தாலும் ஒரு அறிவுரை கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். அந்த வடிவம் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு எடைபோடும் லாரி முந்தைய நாள் கணக்கில் விழும். ஆசியா/கொல்கத்தா நேர மண்டலம் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேதியைக் கேளுங்கள். தாளின் பெயருக்கும் கணக்குக்கும் 2022-01 போன்ற எண்ணை வையுங்கள். தமிழ் மாதப் பெயர் அச்சில் மட்டும் வரட்டும், கட்டாயம் வரட்டும்.

பிறகு அந்தப் பாடத்தையே சோதனையாக எழுதி வைக்க வேண்டும். மொழித் தரவு 13ஆம் பதிப்போடு மாறி முடிந்துவிடவில்லை. 2023 ஜனவரியில் நோட் 18.13 என்ற சிறு பதிப்பு ஐசியூ 72ஐக் கொண்டுவந்தபோது, ஆங்கில நேரத்தில் மணிக்கும் பிஎம்முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளி, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத குறுகிய இடைவெளியாக மாறியது. நேரத்தை எழுத்தாகப் பிரித்துப் படித்த நிரல்கள் பல நாடுகளில் தடுக்கி விழுந்தன. இப்போது மில்லில் புதிய பதிப்பு ஏறுமுன் நோட்டின் சொந்தச் சோதனைக் கருவி சில கேள்விகளைக் கேட்கிறது. தமிழில் முதல் மாதத்தின் பெயர் 'ஜனவரி'தானா, பன்னிரண்டு லட்சத்தில் கமா சரியான இடத்தில் விழுகிறதா, ஜனவரி 8 எழுதிப் படித்த பிறகும் ஜனவரி 8ஆகவே இருக்கிறதா, காலை நான்கு மணி வண்டி அதே நாளில் நிற்கிறதா, மாதக் கடைசி இரவு பன்னிரண்டு தாண்டி எடைபோட்டது அடுத்த மாதத் தாளுக்குப் போகிறதா. ஒன்று தவறினாலும் பழைய பதிப்பே தொடரும். வெளியீட்டுக் குறிப்பை எடுத்து உட்கார்ந்து படிக்க ஆவணி வரை நேரம் இருக்கிறது.