பத்து டாலரும் ஒரு ரோஷமும்

கேள்வி: உளவியல் படித்தவர்கள், மூளை எப்படி முடிவெடுக்கிறது என்பதில் பிஎச்.டி. செய்ய முடியுமா? அங்கே என்னதான் செய்வார்கள்?

பதில்: தாராளமாக. உளவியல், பொருளாதாரம், இயற்பியல், கணினி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இந்தத் துறைக்கு ஆள் வருகிறார்கள்.

உதாரணத்துக்கு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் சான்ஃபி குழுவினர் நடத்தி, 2003-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 19 பேரை ஒவ்வொருவராக எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார்கள். விளையாட்டு இதுதான்: எதிராளி 10 டாலரைப் பங்கு பிரிப்பார். ஏற்றால் இருவருக்கும் காசு, மறுத்தால் இருவருக்கும் பட்டை நாமம். கணக்குப்படி 1 டாலர் கிடைத்தாலும் லாபம்தான். ஆனால் எனக்கு 9, உனக்கு 1 என்று நீட்டியபோது பலர் உதறித் தள்ளினார்கள். அப்படிப்பட்ட அநியாயப் பங்கைக் கண்டதும் மூளையில் முன்புற இன்சுலா சுறுசுறுப்பானது. அருவருப்பின்போதும் விழித்துக்கொள்ளும் பகுதி அது! அதே தொகையைக் கணினி கொடுத்தபோது மறுப்பு குறைந்தது. இயந்திரத்திடம் என்ன ரோஷம் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

ஆனால் மாணவரின் நாள்கள் பெரும்பாலும் ஸ்கேனர் அருகில் கழியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான் அந்தக் கருவி காட்டும். அதிலிருந்து பொருள் எடுக்கப் புள்ளியியலும் பைதான் நிரல்மொழியும் கைவசம் வேண்டும். கணக்கு என்றாலே காத தூரம் ஓடுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிஎச்.டி. முடிக்க அமெரிக்காவில் சுமார் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் உதவித்தொகை உண்டு. இந்தியாவில் பெங்களூரு ஐஐஎஸ்சியின் நரம்பறிவியல் மையம், மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இரண்டையும் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் வழிகாட்டியின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிடுங்கள்.