தெருவில் எழுந்தவர்களும் தேர்தலில் வென்றவர்களும்

கேள்வி: "புரட்சி செய்தது நாங்கள், பதவிக்கு வந்தது அந்நஹ்தா" என்று என்னோடு வேலை செய்யும் துனீசிய நண்பர் நொந்துகொள்கிறார். அது எப்படி நடந்தது?
– வாசகர், மொன்றியல்

பதில்: அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. 2010 டிசம்பரில் சிதி பூசித் ஊரில், தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது புவாசீசி தீக்குளித்தார். அதன்பின் திரண்ட கூட்டத்துக்குத் தலைவரே இல்லை. வேலையும் மானமும் கேட்டார்கள். 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அவருடைய மைத்துனர் பெல்ஹசன் திராபெல்சி வந்து இறங்கியது உங்கள் மொன்றியலில்தான்.

தெருவை நிரப்புவது வேறு, ஊர் ஊராகக் கிளை வைத்து வாக்குக் கேட்பது வேறு. அந்நஹ்தா என்ற இஸ்லாமியவாதக் கட்சியின் தொண்டர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள். அந்த மதிப்பும் பழைய தொடர்புகளும் அறுந்து போகவில்லை. தலைவர் ராஷித் கன்னூசி லண்டனிலிருந்து திரும்பிய அதே 2011ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில், 217 இடங்களில் 89 அவர்களுக்குக் கிடைத்தன.

என்னைக் கவர்ந்தது அந்த வெற்றி அல்ல. 2013இல் இரண்டு இடதுசாரித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாடு கொதித்தது. எகிப்தில் இஸ்லாமியவாத அதிபர் மோர்சியை ராணுவம் கவிழ்த்ததும் அதே ஆண்டுதான். அந்நஹ்தா எதிர்க்கட்சிகளோடு பேச்சுவார்த்தைக்கு வந்தது. ஷரியா என்ற சொல்லை அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை 2012லேயே விட்டிருந்தது. 2014 ஜனவரியில் ஆட்சியையும் விட்டு இறங்கியது. பயந்து இறங்கினார்கள் என்பார்கள். பயம் இருந்திருக்கும், ஆனாலும் ரத்தம் சிந்தாமல் நாற்காலியை விடுவது சிறிய காரியமல்ல.

வேலையைத்தான் அவர்களால் கொடுக்க முடியவில்லை. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத், அவர்களும் இருந்த நாடாளுமன்றத்தை முடக்கிய இரவில், மக்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள். 2023 ஏப்ரலில் கன்னூசி கைதானார்.